பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் தருவது முறையா?

கேள்வி: திருப்பூர் வாடகைதாரர்

திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறேன். இரண்டு வீடு தள்ளி, தென்மாவட்டம் ஒன்றிலிருந்து பிழைப்புக்காக வந்த குடும்பம் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள். காலையில் கிளம்பினால் திரும்ப இரவாகிவிடும். எட்டு வயது மதிக்கத்தக்க மூத்த பையன் அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கே போகவில்லை. இரண்டு வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்வதே அவன் வேலையாகிவிட்டது. சில நாட்கள் வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்; அன்றெல்லாம் அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாக ஏதாவது கொடுத்தால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு.

இதுவரை வறுமை என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற வாரம் பையனின் முன்கையில் கரண்டியால் சூடு வைத்தது போன்ற நீளமான புண்ணைக் கண்டேன். கேட்டதற்கு, அடுப்பில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். 1098-ஐ அழைக்கலாம் என்றால், என் ஊகம் தவறாக இருந்து, உழைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தைப் போலீஸ் வாசலில் நிறுத்திவிடுவேனோ, பிள்ளைகளைப் பிரித்து ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. முதலில் பெற்றோரிடமே பேசிப் பார்ப்பது நல்லதா?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

நானாக இருந்தால் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை பேசியிருப்பேன். நீங்கள் சொல்வதில் பாதி, பிள்ளையை விட்டுச்செல்ல இடம் இல்லாததால் வருவது. பையன் படித்த பள்ளியின் தலைமையாசிரியரைப் பாருங்கள்; 6 முதல் 14 வயது வரை கல்வி அவனது சட்டப்படியான உரிமை என்பதால், இடைநின்ற மாணவனைத் தேடி வருவது பள்ளியின் கடமை. சின்னவளை அங்கன்வாடியில் சேர்த்தாலே பையன் விடுபட்டுவிடுவான். தொழிலாளர் குடும்பங்களில் பிள்ளையைப் பிள்ளை வளர்ப்பது நாம் காணாததா?

பதில்: குழந்தைகள் உதவி மையத்தில் களப்பணி செய்தவர்

பள்ளி, அங்கன்வாடி பற்றி ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பெற்றோரிடம் முதலில் பேசுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. உடம்பில் காயம் இருக்கும்போது அப்படிப் பேசினால், 'யாரிடம் என்ன சொன்னாய்' என்ற கேள்வி அன்றிரவே அந்தப் பையன் மேல்தான் விழும். திருப்பூர் போன்ற ஊரில் இன்னொன்றும் நடக்கும்: முன்பணத்தைக் கூடக் கேட்காமல் ஒரே இரவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வேறு பக்கம் குடிபோய்விடுவார்கள். பிறகு அந்தப் பிள்ளையை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

1098 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் இலவச எண். 1996இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாகத் தொடங்கியது. 2023 முதல் அரசே ஏற்று, 112 அவசர எண்ணுடன் இணைத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாக நடத்துகிறது. உங்கள் பெயரைச் சொல்லாமலும் தகவல் தரலாம். ஆனால் பத்து வீடு உள்ள ஒரு லைனில் யார் சொல்லியிருப்பார்கள் என்று அவர்கள் ஊகிக்கக்கூடும்; இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

அழைக்கும்போது முடிவைச் சொல்லாதீர்கள்; கண்டதைச் சொல்லுங்கள். 'சித்திரவதை செய்கிறார்கள்' என்பது உங்கள் முடிவு. 'இடது முன்கையில் விரல் நீளத்துக்குத் தீப்புண், இன்ன தேதியில் பார்த்தேன், காலை எட்டு மணி முதல் இரவு ஒன்பது வரை கதவு வெளியே பூட்டியிருந்தது' என்பது தகவல். புண் அடுப்பில் பட்டதா, சூடு வைத்ததா என்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை, உங்களுடையது அன்று. அதனால் பையனை மறுபடி கேள்வி கேட்காதீர்கள். ஆளாளுக்குக் கேட்டால் பிள்ளை ஆளுக்கொரு பதில் சொல்லும், பிறகு அதையே காட்டிப் பொய் என்பார்கள். படம் எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை இரக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பையனுக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

பதில்: வழக்கறிஞர், கோயம்புத்தூர்

சட்ட நிலையை மட்டும் சொல்கிறேன். பராமரிக்க வேண்டியவரே காயப்படுத்தினாலோ புறக்கணித்தாலோ அந்தக் குழந்தை, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' ஆகிறது. விசாரிப்பது குழந்தைகள் நலக் குழு: தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது, முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உடையது. மீட்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் அதன் முன் நிறுத்த வேண்டும். வேண்டுமென்றே கொடுமைப்படுத்தியது நிரூபணமானால் 75ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். படத்தை வெளியிடுவது பற்றி மேலே சொன்னது வெறும் அறிவுரை அன்று. குழந்தையை அடையாளம் காட்டும் விவரத்தை ஊடகம் எதிலும் வெளியிடுவது 74ஆம் பிரிவின்கீழ் குற்றம்.

உங்கள் பெரிய அச்சம் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள் என்பது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதை அச்சட்டமே தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. எச்சரித்து, ஆலோசனை அளித்து, மேற்பார்வையின்கீழ் பெற்றோரிடமே ஒப்படைக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. தகுதியிருந்தால் 'மிஷன் வாத்சல்யா' என்னும் மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கும் பரிந்துரைக்கலாம். வறுமைதான் காரணம் என்றால், உங்கள் அழைப்பே அந்தக் குடும்பத்துக்கு உதவி வரும் வழியாகவும் அமையக்கூடும்.

ஒரு வேறுபாட்டையும் கவனியுங்கள். நீங்கள் விவரிக்கும் நிலையில் தகவல் தருவது உங்கள் விருப்பம். பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் அது விருப்பம் அன்று. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே 21ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும் அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. அவமானப்படுத்தவோ மிரட்டவோ பொய்ப் புகார் தருபவருக்குத்தான் அச்சட்டத்தில் தண்டனை.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. பூட்டியிருந்த நாட்களையும் புண்ணைப் பார்த்த தேதியையும் எழுதி வைத்துக்கொண்டேன். இன்று மாலையே அழைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவர்கள் வந்து பார்ப்பதற்குள் மறுபடியும் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் நான் என்ன செய்வது?

பதில்: களப்பணி செய்தவர்

பிள்ளைகள் பேசிக்கொண்டு நன்றாக இருந்தால் மீண்டும் 1098-ஐ அழைத்து, இப்போது பூட்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். முதலில் பதிந்த அழைப்பைக் குறிப்பிட்டால் பழைய விவரத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள். அழுகைச் சத்தம் நின்றுபோனாலோ, புகை வாடை வந்தாலோ, கூப்பிட்டும் பதில் இல்லை என்றாலோ உடனே 112-ஐ அழைத்துவிட்டு, வீட்டு உரிமையாளரை மாற்றுச் சாவியோடு வரச்சொல்லுங்கள். கதவைத் திறக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையாவது உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

காயத்தைப் பற்றி அவர் சொன்னது நியாயம். தாயிடம் பேசச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பள்ளிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் பையன் என்றிலிருந்து வரவில்லை என்பது இருக்கும். நாளை விசாரணை என்று வந்தால் எழுத்தில் உள்ள சான்று அதுதான். வகுப்பாசிரியர் இந்தப் புண்ணுக்கு முன்பே ஏதாவது பார்த்திருக்கவும் கூடும்.