பழைய வி.எச்.எஸ். கசெற்: ரீவியில் சரி, கணினியில் நீலத்திரை

அப்பா 1991, 92இல் ரொறொன்ரோவில் பதிந்து வைத்த ‘அன்சால்வ்ட் மிஸ்டரீஸ்’ கசெற் நாலு இருக்கிறது. துப்புத் துலங்காத கொலைகளையும் காணாமற் போனவர்களையும் பற்றி, மழைக்கோட்டோடு றொபேட் ஸ்டாக் வந்து கதை சொல்வாரே, அந்தத் தொடர். ஒரு கசெற்றின் லேபிளில் அப்பா நீலப் பேனையால் “கொலை 3, அழிக்காதே” என்று எழுதியிருக்கிறார். இணையத்தில் கிடைக்குமே என்று சொல்லாதீர்கள். விவரம் தெரிந்தால் அழையுங்கள் என்று திரையில் வரும் தொலைபேசி எண், இடையில் வரும் விளம்பரங்கள் எல்லாம் அன்று ஒளிபரப்பான மாதிரியே எனக்கு வேண்டும்.

கணினிக்கு மாற்றும்போதுதான் பிரச்சினை. படத்தின் மேல்விளிம்பு கொக்கி போல வளைகிறது. நாலைந்து செக்கனுக்கு ஒருதரம் நீலத்திரை. பத்து நிமிடம் போனால் குரல் முந்திவிடுகிறது, வாய் பிந்துகிறது. அதே கசெற்றைப் பழைய குழாய் ரீவியில் போட்டால் ஓரளவு ஒழுங்காகவே ஓடுகிறது!

டெக் (கசெற்றை ஓட்டும் கருவி) நான்கு ஹெட் (நாடாவைப் படிக்கும் முனை) உள்ளது. கசெற் டி-120, ஆறு மணி நேரம் பிடிக்கும் மெதுவான வேகத்தில் பதிந்தது (அப்பாவின் சிக்கனம்). கணினியில் விண்டோஸ் 10, டெக்கின் படத்தைக் கணினிக்குள் எடுக்க மலிவான யு.எஸ்.பி. கப்சர் குச்சி.

இரண்டு கிழமையாக டிராக்கிங் (ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்துவது) திருகிப் பார்த்தேன், ஹெட்டை ஐசோபுறோப்பைல் அல்ககோலால் துடைத்தேன், நாடாவை முழுக்க ஓட்டித் திரும்பச் சுற்றினேன். கேபிளையும் மாற்றினேன். அப்புறம் பழைய சாமான் கடையில் வேறொரு டெக்கும் வாங்கினேன். அதிலும் இதே கதைதான்.

டெக்குக்கும் குச்சிக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்தால் போதுமா, அல்லது டைம் பேஸ் கரெக்டர் (நாடாவிலிருந்து வரும் சிக்னலின் நேரத் தடுமாற்றத்தைச் சீராக்கும் கருவி) வாங்கித்தான் ஆக வேண்டுமா?