பூஸ்டர் போட்டதும் இருந்த நிலையமும் போச்சு – பெரிய பூஸ்டர் வாங்கவா? (மல்லாவி)

மல்லாவிக் கடை

வணக்கம். கடையில் பழைய எஃப்.எம். ரியூனர் ஒன்று இருக்கு. கூரைக்கு மேலே 9 மீற்றர் ஜீஐ குழாயில் பழைய ரிவி அன்ரனா. அதிலிருந்து மெல்லிய கறுப்புக் கேபிள் 30 மீற்றர் கீழே வருது, ஆர்ஜி-58 என்று அச்சடிச்சிருக்கு. கிட்ட இருக்கிற கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்து நிலையங்கள் அன்ரனாவே இல்லாமலும் கேட்கும். எனக்கு வேண்டியது இந்தியாவின் கொடைக்கானல் வானொலி, 100.5 மெகாஹேர்ட்ஸ். காற்றடங்கிய நாட்களில் முன்னிரவிலும் விடியப்புறத்திலும் இரைச்சலோடு வரும்.

அதைத் தெளிவாக்கலாம் என்று 30 டெசிபல் (சிக்னல் எத்தனை மடங்கு கூடுது, குறையுது என்கிற அளவு) ரிவி பூஸ்டர் ஒன்றை ரியூனருக்குப் பக்கத்தில் பூட்டினேன். இப்ப 100.5 இல் உள்ளூர் நிலையங்கள் இரண்டு ஒன்றோடொன்று கலந்து கரகரக்குது, கொடைக்கானல் அறவே இல்லை. பொழுதுபட்டால் செக்கனுக்கு ஒருக்கா "டக்... டக்..." என்று ஒரு சத்தம் வேற. 40 டெசிபல் பூஸ்டரும் கடையில் இருக்காம். அதை வாங்கினால் சரிவருமா?

அலைநீளம்

வாங்காதேங்கோ. இப்ப இருக்கிறதையும் கழற்றி வையுங்கோ.

100.5 இல் நீங்கள் கேட்கிற கலவைச் சத்தம் வானத்தில் இல்லை, உங்கட பூஸ்டருக்குள்ளே பிறக்குது. கொக்காவில் கோபுரம் 174 மீற்றர் உயரம், உங்களுக்கு 20 கிலோமீற்றருக்குள். அவ்வளவு பலமான இரண்டு அலைகள் ஒரு மலிவான அம்பிளிபயருக்குள், அதாவது பூஸ்டருக்குள், சேர்ந்து போனால் அது நேர்கோட்டில் வேலை செய்யாது, உள்ளே வந்ததை அப்படியே பெருக்காமல் ஒன்றோடொன்று கலக்கும். ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த இடத்தில் ஒரு பொய் நிலையம் முளைக்கும். உதாரணத்துக்கு 92 இலும் 96 இலும் இரண்டு பலமான நிலையங்கள் இருந்தால் 100 இலும் 88 இலும் பேய் எழும்பும்.

கழற்ற முதல் சோதிக்கிறதும் சுகம். பூஸ்டருக்கு முன்னால், அன்ரனாப் பக்கம், ரிவிக்குப் போடுகிற இரண்டு வழி ஸ்பிளிற்றர் ஒன்றைச் செருகுங்கோ. அது சிக்னலை ஏறத்தாழ 3.5 டெசிபல் குறைக்கும். உண்மையான நிலையம் என்றால் அந்த அளவுதான் குறையும். பேய் என்றால் அதன் மூன்று மடங்கு, 10 டெசிபலுக்குக் கிட்ட விழும். சிக்னலைக் குறைச்சதும் பலவீனமான நிலையம் தெளிஞ்சு வந்தால் நோய் என்னவென்று தெரிஞ்சுது.

கொடைக்கானல் உங்களுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். மலை உச்சியில் நின்றாலும் நேர்ப்பார்வை எல்லை 200 கிலோமீற்றர் சொச்சம்தான். மிச்சத்தைக் கடலுக்கு மேலே படிகிற சூடான காற்றுப்படை வளைச்சுக் கொண்டுவருது. சோழகம் (தென்மேற்குக் காற்று) அடிச்சு அந்தப் படையைக் கலக்கினால் எந்த அம்பிளிபயராலும் கொண்டுவர ஏலாது. இதை மனதில் வைச்சுக்கொண்டு காசைச் செலவழியுங்கோ.

செம்புக்கம்பி

மேலே சொன்னது சரி. நான் கேபிள் பக்கத்தைச் சொல்லுறன், ஏனென்றால் பெரும்பாலும் அங்கேதான் காசு வீணாகுது.

ஆர்ஜி-58, 100 மெகாஹேர்ட்ஸில் 100 மீற்றருக்கு 16 டெசிபல் அளவில் தின்னும். உங்கட 30 மீற்றரில் 5 டெசிபல் போச்சு. அதே நீளத்துக்கு டிஷ் கேபிள், அதாவது ஆர்ஜி-6, 2 டெசிபல்தான் தின்னும்.

1944 இல் பெல் ஆய்வுகூடத்து ஹரால்ட் ஃபிரிஸ் எழுதிய சூத்திரம் ஒன்று இருக்கு. வரிசையாக நிற்கிற கட்டங்களில் முதலாவதன் இரைச்சல்தான் முழுசாக எண்ணப்படும். இரண்டாவதன் இரைச்சல் முதலாவதன் பெருக்கத்தால் வகுபடும். இதை உங்கட கடைக்குப் போட்டுப் பார்ப்பம். அம்பிளிபயர் 15 டெசிபல் பெருக்கம், 2 டெசிபல் இரைச்சல் எண் (ஒரு கருவி தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சல் சேர்க்குது என்கிற அளவு, குறைந்தால் நல்லது). ரியூனர் 7 டெசிபல் இரைச்சல் எண் என்று வைப்பம். இப்போதைய ஆர்ஜி-58 இல் அம்பிளிபயரைக் கீழே வைச்சால் மொத்தம் 7.3. அதையே அன்ரனாவின் கழுத்தில் பூட்டினால் 3.1. ஆர்ஜி-6 க்கு மாறினால் கீழே வைச்சாலும் 4.3 தான், மேலே வைச்சால் 2.6. கேபிளை மட்டும் மாற்றினாலே 3 டெசிபல் கையில்.

எஃப்.எம்மில் 3 டெசிபல் சின்ன விசயம் இல்லை. இரைச்சலை விடச் சிக்னல் 10 டெசிபல் அளவில் கூட நிற்கிற இடம் ஒரு படிக்கட்டு மாதிரி. அதற்குக் கீழே வெறும் சீறல், மேலே ஏறினால் சட்டென்று குரல் தெளியும். உங்கட நிலையம் அந்தப் படியில்தான் தடுமாறிக்கொண்டு நிற்குது.

அதுக்காக 0.5 டெசிபல் இரைச்சல் எண் என்று விளம்பரம் செய்கிற விலை கூடிய சாமானைத் தேடி அலைய வேண்டாம். 100 மெகாஹேர்ட்ஸில் பால்வீதியிலிருந்து வருகிற இரைச்சலே அதைவிட எத்தனையோ மடங்கு. 2 டெசிபல் தாராளம்.

ரியூனரில் மோனோ பொத்தான் இருக்குமே, அதை அமத்துங்கோ. ஸ்ரீரியோவுக்கு மோனோவை விட 20 டெசிபல் அளவில் கூடுதலான சிக்னல் வேணும். சல்லிக் காசில்லாமல் கிடைக்கிற மிகப் பெரிய திருத்தம் அதுதான், ஒருத்தரும் செய்யிறேல்லை.

மல்லாவிக் கடை

மோனோ அமத்திப் பார்த்தேன், இரைச்சல் பாதிக்கு மேல் குறைஞ்சுட்டுது. நன்றி அண்ணை. பூஸ்டரையும் கழற்றியாச்சு, கலவைச் சத்தம் இல்லை. ஆனால் "டக் டக்" இன்னும் இருக்கு. அன்ரனாவை நானே செய்யலாமா?

அலைநீளம்

செய்யலாம், அதுதான் முதல் வேலை. 1926 இல் ஜப்பானில் உடாவும் யாகியும் கண்டுபிடிச்ச அன்ரனாவுக்கு மின்சாரம் தேவையில்லை, அது தன் பங்குக்கு இரைச்சலும் போடாது, பேயும் எழுப்பாது. மூன்று கம்பி போதும்.

100.5 க்கு அளவு: பின்கம்பி 1.48 மீற்றர், நடுவில் மடித்த டைபோல் (கேபிள் பூட்டுகிற கம்பி) 1.40 மீற்றர், முன்கம்பி 1.31 மீற்றர். கம்பிகளுக்கு இடையில் 60 சென்ரிமீற்றர். 10 மில்லிமீற்றர் அலுமினியக் குழாய் எடுங்கோ. தாங்குதடி தடிச்ச பீவீசி குழாயாக இருக்கட்டும். உலோகத் தடி போட்டால் கம்பிகளைத் தடியில் தொடாமல் பிளாஸ்ரிக்கில் ஏற்றவேணும், இல்லாவிட்டால் நீளம் பிழைச்சுப்போகும். டைபோலின் இரண்டு கிளைக்கும் நடுவே 5 சென்ரிமீற்றர். அதன் வாய்க்கும் கேபிளுக்கும் இடையில் 1.24 மீற்றர் ஆர்ஜி-6 துண்டை வளையமாகக் கட்டுங்கோ. நடுக்கம்பிகள் இரண்டும் டைபோலின் இரு முனைக்கு, கேபிளைச் சுற்றியிருக்கிற வெளி வலைகள் எல்லாம் ஒன்றாக. கீழே போகிற கேபிளின் நடுக்கம்பி எந்த ஒரு முனைக்கும் போகலாம். முழுக்கப் பொருந்தாது, கேட்கிறதுக்கு அது போதும். ஆர்ஜி-6 இன் வலை அலுமினியம் என்றால் ஈயம் ஒட்டாது, நசுக்கிப் பிடிக்கிற கிளிப் போடவேணும். மழைத்தண்ணி வாய்க்குள் போனால் ஒரு மாரிக்குள் கேபிள் கறுத்துப்போகும், சுயமாக ஒட்டுகிற ரப்பர் ரேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கோ.

இனித் திருப்புகிற விசயம். மல்லாவியிலிருந்து கொக்காவில் வடகிழக்கே, கொடைக்கானல் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே. கிட்டத்தட்டச் செங்கோணம், இது உங்கட அதிர்ஷ்டம். கிடையாகப் பிடிச்ச கம்பியின் நுனி பார்க்கிற திசையில் அன்ரனா செவிடு. ஆகவே கொடைக்கானலை நேரே குறி வைக்காமல், நுனிகள் கொக்காவிலைப் பார்க்கும்வரை 10, 15 பாகை வடக்கே திருப்புங்கோ. குறியில் ஒரு டெசிபல் கூடப் போகாது, ஆனால் கோபுரம் 15 டெசிபலுக்கு மேல் அமுங்கும். காதாலேயே பிடிக்கலாம்: கொக்காவில் நிலையம் ஒன்றை வைச்சு அது ஆகக் குறையிற இடத்தில் போல்ற்றை இறுக்குங்கோ.

கேபிளில் கால் அலைத் துண்டு (அலைநீளத்தில் காற்பங்குக் கேபிள்) தொங்கவிட்டு உள்ளூர் நிலையத்தை வெட்டலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதேங்கோ. 96 க்கு வெட்டினால் 100.5 ஐயும் 17 டெசிபல் அளவில் சேர்த்து விழுங்கும். அவ்வளவு கூர்மை அதுக்கு இல்லை.

நெடுங்கேணியான்

"டக் டக்" பற்றி. செக்கனுக்கு ஒருக்கா, பொழுதுபட்ட பிறகு என்றால் அது யானை வேலிதான். மின்வேலிப் பெட்டி ஒரு செக்கனுக்கோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ ஒரு உயர் வோல்ற் துடிப்பு விடும். துடிப்பு மட்டும் என்றால் எஃப்.எம்மில் அவ்வளவு தெரியாது. கொடி படர்ந்து கம்பியைத் தொட்டாலோ, காப்பான் வெடிச்சிருந்தாலோ அந்த இடத்தில் தீப்பொறி பறக்கும், அதுதான் வானொலியில் ஏறுது. சின்ன ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைச்சு வேலி ஓரமாக நடந்தால் சத்தம் உச்சம் எடுக்கிற தூணில் பிழை இருக்கும். கம்பியில் கை வைக்காமல் பராமரிக்கிறவைக்குச் சொல்லுங்கோ. பொறி அடிக்கிற வேலி யானையையும் மறிக்காது.

இடைவிடாத சீறல் என்றால் சோலர் சார்ஜ் கொன்ட்ரோலரையும் மலிவு எல்ஈடி பல்ப்புகளையும் ஒவ்வொன்றாக நிப்பாட்டிப் பாருங்கோ.

தொழில்நுட்ப வாத்தி

இடையில் ஒரு கேள்வி. உயர்தரத் தொழில்நுட்ப மாணவர்கள் புத்தாக்கப் போட்டிக்கு "சிக்னல் பூஸ்டர்" என்றுதான் வாறாங்கள். ஒருத்தன் போன் சிக்னலுக்குச் செய்யப்போறானாம். இதில் புதுசாகச் செய்ய ஏதும் இருக்கா?

செம்புக்கம்பி

போன் பூஸ்டரை விடச் சொல்லுங்கோ. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் அலை விடக்கூடாது. சட்டம் ஒரு பக்கம், வெளியன்ரனாவுக்கும் உள்ளன்ரனாவுக்கும் இடையிலான பிரிப்பு பெருக்கத்தை விட 15 டெசிபல் கூட இருக்கவேணும். 70 டெசிபல் பூஸ்டருக்கு 85. தகரக் கூரை வீட்டில் அது கிடைக்காது. ஊளையிட்டு ஊர்க் கோபுரத்தையே கெடுக்கும்.

பெருக்கத்தைக் கூட்டுறது 1906 இல் டி ஃபொரஸ்ட் மூன்று முனைக் குழாய் செய்ததோடு தொடங்கின கதை. அதற்குப் பிறகு வந்த பெரிய கண்டுபிடிப்புகள் பல பெருக்கத்தை விட்டுக்கொடுத்து வேறொன்றை வாங்கினவை. ஹரால்ட் பிளாக் 1927 ஓகஸ்ட் 2 இல் வேலைக்குப் போகிற படகில் பத்திரிகைத் தாளில் கிறுக்கினது அதுதான்: வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக உள்ளே கொடு, பெருக்கம் குறையும், திரிபும் (சிக்னல் உருக்குலையிறது) சேர்ந்து குறையும். 1923 இலேயே அவர் இன்னொரு வழி யோசிச்சிருந்தார், திரிபைத் தனியாகப் பிரித்தெடுத்து முடிவில் கழிக்கிறது.

அந்தக் கழித்தலை மாணவர் கையில் கொடுங்கோ. வன்னிக்கு ஏற்ற செயற்றிட்டம்: பிரதான அன்ரனா தூர நிலையத்தைப் பார்க்க, இரண்டாவது சின்ன அன்ரனா கோபுரத்தைப் பார்க்கட்டும். இரண்டாவதில் வருகிறதைத் தலைகீழாக்கி, அளவு சரிசெய்து, ஸ்பிளிற்றரைப் பின்பக்கமாகப் பாவிச்சு ஒன்றுசேர்த்தால் கோபுரம் அம்பிளிபயருக்கு முன்னாலேயே அழியும். தலைகீழாக்க அரை அலைக் கேபிள் கூட்டக்கூடாது, அது ஒரு அலைவரிசைக்குத்தான் சரி. இரண்டாவது டைபோலின் இரு முனைகளையும் மாற்றிக் கட்டுங்கோ, எஃப்.எம். பட்டை முழுக்கத் தலைகீழாகும். பிறகு இரு பாதையின் தாமதமும் சமமாகும்வரை கேபிளை வெட்டவேணும். 20 டெசிபல் அழிக்க வேணுமென்றால் 96 மெகாஹேர்ட்ஸில் கேபிள் நீளம் 4 சென்ரிமீற்றருக்குள், அளவு ஒரு டெசிபலுக்குள் நிற்கவேணும்; இரண்டும் சேர்ந்து பிழைச்சால் அதுவும் கிடைக்காது. அளந்து வரைபடம் போட ஏலும், நடுவருக்குக் காட்டவும் ஏலும்.

மல்லாவிக் கடை

அன்ரனா கட்டின பிறகும் அம்பிளிபயர் வேணுமென்றால் எதைப் போடுறது? கடை சோலர் 12 வோல்ற் பற்றரியில்தான் ஓடுது.

அலைநீளம்

முதலில் ஆர்ஜி-6 உம் அன்ரனாவும், பிறகு இரண்டு கிழமை கேளுங்கோ. அதுக்குப் பிறகும் போதாதென்றால் ஒற்றை ஜே310 ரான்சிஸ்ரர் (அதன் மூன்று கால்கள் கேற், சோர்ஸ், டிரெயின்), கேற்றை நிலத்தில் கட்டின அமைப்பு. 10, 12 டெசிபல் கிடைக்கும், அதுக்கு மேல் உங்களுக்கு வேண்டாம். இந்த அமைப்பில் அதன் வாய் 75 ஓமுக்குக் கிட்டத்தானே நிற்கும், பொருத்தும் சுற்று தேவையில்லை. சோர்ஸுக்கு 1 நானோஃபரட் ஊடாக அன்ரனா. சோர்ஸிலிருந்து நிலத்துக்கு 200 ஓமும் அதோடு தொடராக 1 மைக்ரோஹென்றி சோக்கும் (கம்பிச் சுருள்), 10 மில்லியம்பியர் அளவில் ஓடும். டிரெயினில் 6 மில்லிமீற்றர் துளையூசியில் 1 மில்லிமீற்றர் எனாமல் கம்பி 7 சுற்று, 10 மில்லிமீற்றருக்கு விரித்து, குறுக்கே சிறிய ரிம்மர் (திருகிச் சரிசெய்கிற கொள்ளளவி). அதை 10 பிக்கோஃபரட் அளவில் வைச்சால் 100 மெகாஹேர்ட்ஸுக்குக் கிட்ட ஒத்திசையும். வோல்ற் வருகிற முனையை 1 நானோஃபரட்டால் நிலத்துக்குக் கட்டி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றில் வெளியீட்டை இன்னொரு 1 நானோஃபரட் ஊடாக எடுங்கோ. கேற் கால் 3 மில்லிமீற்றருக்கு மேல் நீண்டால் தானாக ஊளையிடும். ரிம்மரைத் திருப்பும்போது ரியூனரில் எல்லா நிலையமும் ஒரேயடியாக அமைதியாகினால் அது ஒத்திசைவு இல்லை, ஊளை.

மின்சாரத்துக்கு 7812 (வோல்ற்றை 12 இல் நிறுத்துகிற ஐசி) போடாதேங்கோ. பற்றரிக்கும் வெளியீட்டுக்கும் இடையில் அதுக்கு 2 வோல்ற் வேணும், 12 வோல்ற் பற்றரியில் அது நடக்காது. 9 வோல்ற் தருகிற 7809 போடுங்கோ, முன்னால் 100 மைக்ரோஹென்றி சோக்கும் 1000 மைக்ரோஃபரட்டும், சார்ஜரின் சீறல் அங்கேயே நிற்கும். கேபிள் வழியாக மேலே வோல்ற் அனுப்பினால் இடையில் சாதாரண ஸ்பிளிற்றர் இருக்கக்கூடாது. ஐப்பசி கார்த்திகை இடிக்கு முதல் குழாயின் அடியில் செம்புக்கம்பியால் நிலத்துக்கு இறக்கிவிடுங்கோ, வானம் இருட்டினால் கேபிளை ரியூனரிலிருந்து கழற்றி வெளியே போடுங்கோ.