இரண்டாவது பிரசவம்: வலி வந்தபின் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

மலையூர்க்காரி:
எனக்கு 37 வாரம் நடக்கிறது. வீடு கொல்லிமலையில். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித்தான் நாமக்கல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைப்பிரசவத்தில் மாலையில் பிடித்த வலி மறுநாள் மதியம்தான் ஓய்ந்தது. இந்தத் தடவையும் அவ்வளவு நேரம் இருக்கும் என்கிறார் கணவர். "இருக்காது, முன்னாலேயே கீழே போய்விடு" என்கிறார் மாமியார். எது சரி?

இரண்டு பிள்ளைகளின் தாய்:
மாமியார் சொல்வதைக் கேளுங்கள். என் மூத்தவனுக்கு 16 மணி நேரம். சின்னவளுக்கு விடியற்காலை 4 மணிக்கு இடுப்பு வலித்தது. சூட்டு வலி என்று நினைத்து, சீரகக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தேன். 5 மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. 108 வண்டியிலேயே பிறந்துவிட்டாள்.

ஓய்வுபெற்ற செவிலியர்:
28 ஆண்டுகள் பிரசவ அறையில் நின்றவள் சொல்கிறேன், அம்மா. கருப்பை வாய் 5 செ.மீ. திறக்கும்வரை எல்லாம் மெல்லத்தான் நடக்கும். அதற்கு நேரக்கணக்கே கிடையாது. இரவெல்லாம் வலித்தும் இரண்டு விரல்தான் திறந்திருக்கிறது என்றதும் அழுத பெண்கள் எத்தனையோ பேர். அதன்பின் 10 செ.மீ. திறக்க, தலைப்பிரசவத்தில் 12 மணி நேரத்துக்கு மேலும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்கு மேலும் பொதுவாக ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். மணிக்கு 1 செ.மீ. என்று நாங்கள் படித்த பழைய கணக்கை எல்லோருக்கும் பொருத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. அந்தக் கணக்கை நம்பி நான் அவசரப்படுத்திய பெண்களை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

10 மணி நேரம் என்பதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அது மேல்வரம்பு. ஒருமுறை பிள்ளை வந்த வழி மறுமுறை சீக்கிரம் இளகிக் கொடுக்கும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்த இரண்டாவது பிரசவங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முக்கச் சொல்லி வாய் மூடுவதற்குள் தலை தெரிந்துவிடும்.

மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வரும்போது புறப்படுங்கள் என்பேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். வலி வருமுன்பே கீழே வந்து தங்குங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் போனாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வலி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

மலையூர்க்காரி:
சேந்தமங்கலத்தில் சித்தி வீடு இருக்கிறது. இதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன், மறுபேச்சு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறோம்.