ரேகன்ஸ்பர்க்கில் புதிதாகக் குடியேறியிருப்போருக்கு: ஊரைச் சுற்றும் முறையும் பியர் கார்டனில் அமரும் முறையும்

வேலைக்காகவும் மேற்படிப்புக்காகவும் ஜெர்மனியின் பவேரிய மாநிலத்திலுள்ள ரேகன்ஸ்பர்க்குக்கு வந்து சேரும் நம்மவர்கள், முகவரிப் பதிவும் வங்கிக் கணக்கும் முடிந்து சற்று மூச்சுவிட்டதும், கோடை தொடங்கும் வேளையில் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அலுவலகத்தில் பியர் கார்டனுக்குக் கூப்பிடுகிறார்கள், குடிக்காதவர்கள் போகலாமா, குழந்தைகளை அழைத்துப் போகலாமா?" தாராளமாகப் போகலாம். பியர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் டாஸ்மாக் காட்சியை முதலில் அழித்துவிடுங்கள். பாட்டியும் பேரனும் நாய்க்குட்டியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைப் பிரித்துச் சாப்பிடும் இடம் அது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போன நினைவு உள்ளவர்களுக்கு அதன் இயல்பு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

ஆனால் நேராகப் போய் உட்கார்வதைவிட, ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கி ஊரைக் கால்நடையாகப் பார்த்துவிட்டு, மாலையில் பசியோடு அங்கே போய்ச் சேர்வதையே நான் பரிந்துரைப்பேன். ரேகன்ஸ்பர்க்கின் பழைய நகரம் அதற்கு ஏற்ற அளவுடையது. ரயில் நிலையத்திலிருந்து மாக்ஸிமிலியன் தெரு வழியாகப் பதினைந்து நிமிடம் நடந்தால் நகரின் நடுவே நிற்பீர்கள். அதன் பிறகு பேருந்து எதுவும் தேவைப்படாது. 1943-இல் நகரின் மேற்கிலிருந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு உள்ளானபோதும், பழைய நகரம் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. ஆகவே இங்கே நீங்கள் காணும் இடைக்கால வீடுகளில் பெரும்பாலானவை போருக்குப் பின் மாதிரிக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 2006-இல் யுனெஸ்கோ இந்நகரத்தையும், ஆற்றுக்கு அப்பாலுள்ள ஷ்டாட்டம்ஹோஃப் பகுதியையும் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் போர்ட்டா ப்ரெட்டோரியாவைப் பாருங்கள். பலர் அதைக் கவனிக்காமலேயே கடந்துவிடுகிறார்கள். வெள்ளைச் சுவருக்குள் பதிந்திருக்கும் கரிய கற்பாளங்களின் வளைவுதான் அது, கி.பி. 179-இல், பேரரசர் மார்க்கஸ் ஔரேலியஸ் காலத்தில் ரோமானியப் படை இங்கே அமைத்த கோட்டையின் வடக்கு வாசல். பிற்காலத்தில் யாரோ அதன்மீதே வீட்டுச் சுவரை எழுப்பிவிட்டதால், பல நூற்றாண்டுகள் மறைந்தே கிடந்தது. அங்கிருந்து இரண்டு நிமிட நடையில் புனித பீட்டர் பேராலயம் வந்துவிடும். 105 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்களைப் பார்த்து அவையும் இடைக்காலத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். ஆலயப் பணி 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கினாலும், கோபுரங்களின் கூர்முனைகள் 1869-இல்தான் நிறைவடைந்தன. உள்ளே போனதும் கண்கள் இருட்டுக்குப் பழகும்வரை சற்றுப் பொறுத்து நின்றால், பழைய வண்ணக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் தெளியும். நற்செய்தி கூற வந்த வானதூதர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும் கற்சிலையை மட்டும் தவறவிடாதீர்கள். 975-இல் தோன்றியதாகக் கருதப்படும் டோம்ஷ்பாட்ஸன் பாடகர் குழு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் பாடுவதைக் கேட்க எவரும் போகலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் மட்டும் அவர்கள் இருப்பார்களா என்று விசாரித்துக்கொண்டு செல்லுங்கள்.

பழைய நகர மன்றத்தில் 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் நிரந்தர மன்றம் கூடியது. கலைக்கப்படாமல் நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த கூட்டம் அது! உள்ளே வழிகாட்டியோடுதான் செல்ல இயலும் என்பதால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மன்ற மண்டபத்துக்கு அடியிலேயே சித்திரவதைக் கூடமும் இருப்பதால், சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வது பற்றி யோசித்து முடிவெடுங்கள். வானியலாளர் கெப்ளர், தமக்கு வரவேண்டிய சம்பள நிலுவையைப் பெற முயன்று இந்த ஊருக்கு வந்த இடத்தில்தான் 1630-இல் காய்ச்சல் கண்டு இறந்தார். அவர் இறந்த வீடு இதே பகுதியில் இருக்கிறது. சம்பளம் தாமதமாகும் மாதங்களில் எனக்கு அவர் நினைவு வருவதுண்டு.

நகரின் உயிர் கற்பாலத்தில்தான் இருக்கிறது. 1135-இல் தொடங்கிப் பதினோரே ஆண்டுகளில் டான்யூப் ஆற்றின் குறுக்கே, 300 மீட்டருக்கும் சற்று அதிகமான நீளத்தில் கட்டி முடிக்கப்பட்ட இப்பாலத்தின் வழியாகத்தான் 1189-இல் பேரரசர் பார்பரோஸாவின் சிலுவைப் படை புறப்பட்டது. பாலம் கட்டியவனும் பேராலயம் கட்டியவனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் வைத்தார்கள் என்றும், பாலத்தை முதலில் கடக்கும் உயிர்களைத் தருவதாகச் சொல்லி முன்னவன் சாத்தானின் உதவியைப் பெற்றான் என்றும், கடைசியில் சேவலையும் கோழியையும் நாயையும் ஓட்டிவிட்டு ஏமாற்றினான் என்றும் ஒரு கதை உண்டு. பாலம் முடிந்து நூறாண்டுக்கும் மேலான பிறகே இன்றைய பேராலயத்தைத் தொடங்கினார்கள் என்று யாராவது எடுத்துச் சொன்னாலும், ஊர்க்காரர்கள் கதையை விட்டுக்கொடுப்பதில்லை. பாலத்தின் தெற்கு முனையில், உப்புக் கிடங்கை ஒட்டியபடி, புகை கக்கிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு கட்டடம் வுர்ஸ்ட்குக்ஹல் எனப்படும் பழைய தொத்திறைச்சிச் சமையற்கூடம். கரி அடுப்பில் வாட்டிய விரல் நீளத் தொத்திறைச்சிகளைப் புளித்த முட்டைக்கோஸோடு தருவார்கள். அவை பன்றி இறைச்சி என்பதை, உண்ணாதவர்கள் நினைவில் கொள்க. உண்ணாதவர்களும் சுவரருகே சென்று, பழைய வெள்ளங்கள் எந்த மட்டம்வரை ஏறின என்று குறித்துவைத்திருக்கும் கோடுகளைப் பாருங்கள்; சில கோடுகள் நம் தலைக்கு மேலே இருக்கும்.

பாலத்தைக் கடந்து அக்கரையில் இறங்கினால் ஷ்டாட்டம்ஹோஃப். இடப்புறத்தில் புனித காதரின் மருத்துவ அறநிலையத்தின் வளாகமும், அதன் ஷ்பிட்டால்கார்டனும் இருக்கின்றன. இடைக்காலத்தில் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்குமாக ஏற்பட்ட அந்த அறநிலையம், 1226 என்ற ஆண்டைத் தன் மதுவடிப்பகத்தின் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கிறது. இன்றும் அங்கே முதியோர் இல்லம் நடக்கிறது. ஆற்றைப் பார்த்தபடி மரத்தடியில் உட்கார்ந்தால் எதிரே பாலமும் பேராலயக் கோபுரங்களும் ஒரே பார்வையில் அடங்கும். முதன்முறை போகிறவர்களுக்கு இந்த இடமே போதும்.

பியர் கார்டனில் ஏன் மரம், ஏன் சரளைக்கல், ஏன் நம் உணவை நாமே கொண்டுபோகலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றே. 1539-ஆம் ஆண்டின் பவேரிய ஆணைப்படி, செப்டம்பர் 29-க்கும் ஏப்ரல் 23-க்கும் இடைப்பட்ட குளிர்மாதங்களில் மட்டுமே பியர் வடிக்க அனுமதி இருந்தது. கோடைக்கான இருப்பைக் கெடாமல் வைக்க, ஆற்றங்கரை மேடுகளில் ஆழமான நிலவறைகளைத் தோண்டிப் பனிக்கட்டிகளை நிரப்பினார்கள். அறைக்குள் வெப்பம் இறங்காதிருக்க மேலே சரளையைக் கொட்டி, அகன்ற இலையும் ஆழமில்லாத வேரும் கொண்ட செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். நிழலும் குளிர்ந்த பியரும் ஒரே இடத்தில் இருந்தால் மக்கள் சும்மா இருப்பார்களா? மியூனிக்கில் கூட்டம் அங்கேயே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கியதும், நகர விடுதிக்காரர்கள் தங்கள் பிழைப்பு போகிறதென்று முறையிட்டனர். அரசர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசஃப் 1812 ஜனவரி 4 அன்று ஒரு சமரசம் செய்தார்: வடிப்பவர்கள் கோடையில் நிலவறையிலேயே பியர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு உணவு தரக்கூடாது. சாப்பாட்டை மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவரத் தொடங்கினார்கள். குளிரூட்டும் இயந்திரம் வந்து நிலவறைகளின் தேவை மறைந்தும் அந்த வழக்கம் மறையவில்லை.

இதை அவர்கள் உரிமையாகவே கருதுகிறார்கள். மியூனிக் அருகே ஒரு பியர் கார்டனை இரவு ஒன்பதரைக்கே மூட நேர்ந்தபோது, 1995 மே மாதத்தில் பல்லாயிரம் பேர் திரண்டு ஊர்வலம் போனார்கள். அதன் தொடர்ச்சியாக 1999-இல் வந்த பவேரிய அரசாணை, தோட்டச் சூழலும் சொந்த உணவை உண்ணும் வாய்ப்பும் இருந்தால்தான் அது மரபான பியர் கார்டன் என்று வரையறுத்து, இரவு பத்துக்கு இசையும் பதினொன்றுக்கு அமர்வும் முடிய வேண்டும் என்று வகுத்தது.

இந்த உரிமைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வந்த முதல் கோடையில், வேறோர் ஊரில், விரிப்பு போட்ட அழகான மேசையொன்றில் குடும்பத்தோடு அமர்ந்து, எலுமிச்சைச் சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பிரித்துவைத்தேன். பரிமாற வந்த அம்மையார் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தூரத்திலிருந்த வெறும் மர மேசைகளை விரலால் சுட்டிக்காட்டினார். விரிப்புள்ள மேசையில் ஆள் வந்து பரிமாறுவார்கள், அங்கே அவர்களுடைய உணவைத்தான் வாங்க வேண்டும். விரிப்பில்லாத மேசையில் நாமே போய் வாங்கிவர வேண்டும், அங்கே நம் டப்பாவைத் திறக்கலாம். எங்கும் பானத்தை மட்டும் வெளியிலிருந்து கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் பாட்டிலைக்கூட மேசைமேல் வைக்காதீர்கள். எல்லாத் தோட்டங்களும் சொந்த உணவை அனுமதிப்பதில்லை என்பதால், புதிய இடமானால் உட்காருமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அந்த வெறும் மேசையில் ஏற்கெனவே ஒரு முதிய தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" என்று கேட்டுவிட்டு, அதாவது இடம் காலியா என்று கேட்டுவிட்டு, அறிமுகமில்லாதவர்களோடு அமர்வது இங்கே இயல்பு, கேட்காமல் உட்கார்வதுதான் தவறு. அந்த முதியவர் வெள்ளை முள்ளங்கியைக் கத்தியால் சுருள் சுருளாக, அறுந்துபோகாமல் சீவி, உப்புத் தூவி, அது நீர்விடும்வரை காத்திருந்தார். பிறகு எங்கள் வறுவலைப் பார்த்தபடியே தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். பண்டமாற்று நடந்தது. மிளகாய்த் தூளுக்கு அவர் கண்ணில் நீர் வந்தாலும், இரண்டாம் முறையும் எடுத்துக்கொண்டார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 'ஷ்டாம்டிஷ்' என்று பலகை வைத்த மேசை, வாடிக்கையாளர் குழுவொன்றுக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. அது காலியாகவே கிடந்தாலும் அங்கே உட்காராதீர்கள்.

இனிப் பானங்கள். ஒரு லிட்டர் கோப்பைக்கு 'மஸ்' என்று பெயர். நம் திரையரங்கு 'மாஸ்' போல நீட்டாமல் குறிலாகச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாதவர்கள் 'ஹால்பே' என்னும் அரை லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பியரும் எலுமிச்சைச் சோடாவும் கலந்தது 'ராட்லர்'. மது வேண்டாதவர்களுக்கு ஆப்பிள் சாற்றில் சோடா சேர்த்த 'ஆப்ஃபெல்ஷோர்லே'யும், கோலாவும் ஆரஞ்சும் கலந்த 'ஷ்பெட்ஸி'யும் உண்டு. அவற்றைக் கேட்பதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. 'ஆல்கஹோல்ஃப்ரை' என்று எழுதிய பியரில் 0.5 சதவீதம்வரை ஆல்கஹால் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. அறவே கூடாது என்பவர்கள் 0.0 என்ற குறியைத் தேடுங்கள். கோப்பைக்கு முன்பணம் வாங்கும் இடங்களில், புறப்படுமுன் கோப்பையைத் திருப்பித் தந்து பணத்தை வாங்க மறக்காதீர்கள். வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை மோதும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். கோப்பையைப் பார்த்துக்கொண்டு மோதினால் மரியாதைக் குறைவு என்பார்கள்.

சைவ உணவினர் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இங்குள்ள உருளைக்கிழங்கு சாலட்டில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு ஊற்றுகிறார்கள். 'ப்ரேட்ஸன்' ரொட்டியிலும் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. வெண்ணெயும் மிளகாய்ப் பொடி நிறத்துப் பாப்ரிகாவும் சேர்த்துப் பிசைந்த 'ஒபாட்ஸ்டா' என்னும் பாலாடைக் கட்டியில் சிலர் சிறிது பியரையும் விடுகிறார்கள். புலால் உண்டு பன்றி வேண்டாதவர்களுக்குச் சுட்ட கோழியும், குச்சியில் செருகி வாட்டிய மீனும் பொருத்தமானவை. அரசு விடுமுறை நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மளிகைக் கடைகள் திறப்பதில்லை என்பதால், கட்டுச்சோற்றுக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

பணம் கொடுக்கும்போது சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள். "நான் தருகிறேன், நீ தராதே" என்று நாம் நடத்தும் இழுபறி அவர்களுக்குப் புரியாது. அவரவர் உண்டதை அவரவர் தருவதே வழக்கம், அதில் மனவருத்தம் கொள்ள ஒன்றுமில்லை. பரிமாறியவருக்கு, தொகையைச் சற்று உயர்த்தி முழு எண்ணாகச் சொல்லிவிடுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும்.

வண்டி ஓட்டுவதில் விளையாட்டு வேண்டாம். இரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்துக்கு அரைப் பங்கு) அளவை எட்டினாலே அபராதமும் ஓட்டத் தடையும் வரும். புதிதாக உரிமம் பெற்றுச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு துளியும் அனுமதியில்லை. மிதிவண்டிக்கும் வரம்பு உண்டு, அதை மீறினால் குற்ற வழக்கு. குடித்தீர்களானால் நடந்தோ பேருந்திலோ திரும்புங்கள்.

ஊர் பழகிய பிறகு, அருகிலுள்ள கெல்ஹைம் என்ற ஊரிலிருந்து படகேறி, வெண்பாறைகளுக்கு நடுவே டான்யூப் குறுகிப் பாயும் வழியாக வெல்டன்பர்க் மடாலயத்துக்குப் போய் வாருங்கள். 1050 முதல் பியர் வடித்துவருவதாகச் சொல்லும் அம்மடாலயத்தின் முற்றமே ஒரு பியர் கார்டன்தான். ஜெர்மானியப் பெருமக்களின் நினைவாக முதலாம் லூட்விக் அரசர் கட்டி 1842-இல் திறந்த வால்ஹாலா மண்டபத்துக்கும் கோடையில் படகு உண்டு. படிகள் முந்நூற்றைம்பதுக்கும் மேல் என்பதால், முழங்கால் வலியுள்ள பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால் மேல்பக்கத்து வாகன நிறுத்தத்தின் வழியாக அழைத்துச் செல்லுங்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் குளவிகள் அதிகம். கோப்பைக்கு அடியில் தரும் அட்டையை எடுத்துக் கோப்பையின் வாயை மூடிவையுங்கள். குழந்தைகளின் ஆப்பிள் சாற்றுக்கு இது கட்டாயம். பரிமாறுபவர் அந்த அட்டையில் பென்சிலால் கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தால் மட்டும், குழந்தை அதைக் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.