முதலில் கேட்ட கேள்வி “எந்த ஊரு?”

பெருங்குடி_சுமி:

மூன்று வாரமாகத் தூக்கம் கெடுகிறது, எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருப்பவள் மணிப்பூர்ப் பெண், சலூனில் வேலை. கணவன் நம்மூர்க்காரன். சத்தம் அடிக்கடி கேட்கும். நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்போம் (ஆமாம், நானும்தான்). அன்றைக்கு இரவு 11.30 மணிக்கு அவளே மேலே வந்து கதவைத் தட்டினாள். ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனோம்.

அங்கே ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். முதல் கேள்வி, “நேபாளமா?” மணிப்பூர் என்றேன். “பர்மா பக்கமா?” இந்தியா மேடம் என்றேன். அவள் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் அவள் கட்டைவிரல் ரத்தம் ஒட்டியிருந்தது. மேடம் அதை ஓரத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே அடிபட்டது என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

அப்புறம் அவன் வந்தான். “அக்கா, வீட்டுச் சண்டைக்கா, அவளுக்கு நம்ம பழக்கம் புரியாது” என்று தமிழில் சரளமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவளுக்கு வாய் நான்தான். பள்ளியில் பிராத்மிக், மத்யமா எழுதிய ஹிந்தி. அவள் “கலா தபாயா” என்றாள். கலா கழுத்து என்று தெரியும். மிச்சத்தை ஊகித்து “கழுத்தைப் பிடிச்சாராம்” என்றேன். போலீஸ் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதுக்காக எழுதிய மனுவில் “கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்” என்று ஏறியது.

போன வாரம்தான் ஆபீசில் பாட்னாக்காரி ஒருத்தி சொன்னாள், கலா தபானா என்றால் கழுத்தை நெரிப்பது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? அடியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வேறு எதையாவது கேட்டார்களா?

வடசென்னை_கவி:

சுமிக்கா, எனக்கு ஸ்டேஷனில் நடக்கவில்லை. மகளிர் தினக் கூட்டத்தில் நடந்தது.

வியாசர்பாடியிலிருந்து பன்னிரண்டு பேர் போயிருந்தோம். குடும்ப வன்முறைதான் தலைப்பு. பேச வந்த அம்மா எங்கள் வரிசையைப் பார்த்து, “உங்க ஏரியால குடி ஜாஸ்தி, அதான் வேர்” என்றார். நான் எழுந்து மைக் வாங்கி, “எங்க அப்பா பீடி கூடத் தொட மாட்டார். பெல்ட்டால அடிப்பார்” என்றேன். “விதிவிலக்கு இருக்கும்மா” என்று சிரித்தபடியே மைக்கை வாங்கிக்கொண்டார்.

அது பெரிதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கை கழுவப் போனேன். முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா என் பின்னாடியே வந்து ரவிக்கைக் கையை மேலே தூக்கிக் காட்டினார். நாலு விரல் தடம், பச்சையாக. “எங்க வீட்ல குடிக்கிறவங்க யாரும் கிடையாது. ஆனா எங்க பக்கம் இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க” என்றார். கையை இறக்கிவிட்டு, பழையபடி போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். யாருடைய ஏரியா என்று இப்போ சொல்லுங்கள்.

1917-ல் அடையாறில் மாதர் இந்திய சங்கம் தொடங்கியதை அன்றைக்கு மேடையில் இரண்டு பேர் சொன்னார்கள். தலித் தலைவர் மீனாம்பாள் சிவராஜ் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. 1938-ல் இதே சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் கிடைத்தது, அந்த மேடையில் நின்றவர்களில் மீனாம்பாளும் ஒருவர். சென்னையில் பிறந்த ரூத் மனோரமா 1995-ல் தலித் பெண்களுக்குத் தனியாக ஒரு தேசியக் கூட்டமைப்பு கட்டினார். பொதுவான மகளிர் அமைப்புகள் இருக்கும்போது தனியாக எதற்கு என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்த மைக்கை வாங்கிக்கொண்ட சிரிப்புதான் எதற்கு என்பதற்குப் பதில்.

சைதை_வக்கீல்:

கவி சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இது எந்த ஒரு ஏரியாவிலும் அடங்காத எண், சரி. ஆனால் அடிக்கடி குடிப்பவன் வீட்டில் அடி கூடுதல் என்பதையும் அதே கணக்கெடுப்புதான் காட்டுகிறது. குடி வேர் இல்லாமல் இருக்கலாம், உரம்தானே? அதைச் சொல்வதே பாவம் என்றால் டாஸ்மாக்கை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்த பெண்களெல்லாம் முட்டாள்களா?

என் அனுபவம் சின்னது. நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் ஒரு கட்சிக்காரப் பெண், “சார், மனுவுல சாதி எழுதணுமா? எழுதினா ஜட்ஜு எப்படிப் பார்ப்பாரு?” என்று கேட்டார். வேண்டாம்மா என்றேன். அப்படியும் நம்பாமல் மூன்று முறை கேட்டார். அவ்வளவுதான்.

சுமி அவர்களுக்கு: பதறாதீர்கள், இதைச் சரிசெய்ய முடியும். மொழிபெயர்ப்புத் தவறு என்று எழுதி அவர் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம். நெரித்தது என்றால் வழக்கின் கனமே வேறு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ (கணவன், அவன் வீட்டார் செய்யும் கொடுமை) என்று இருந்தது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86-வது பிரிவுகள். அது குற்றவியல் பக்கம். அது ஒருபுறம் நடக்கட்டும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் தனி வழி. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாவட்ட சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், நடந்ததைக் குடும்ப வன்முறை அறிக்கையாக அவரே எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். கிட்டே வரக்கூடாது என்ற உத்தரவு, குடியிருக்கும் உரிமை, ஜீவனாம்சம் எல்லாம் அதில் கேட்கலாம். கல்யாணத்தைப் பதிவு செய்யாவிட்டாலும், கல்யாணம் போலவே சேர்ந்து வாழ்ந்திருந்தால் போதும். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து குடியிருந்த வீடு என்றால் சட்டப்படி அல்லாமல் அவரைத் துரத்திவிட முடியாது, 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசரத்துக்கு 181. அப்புறம் வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், ஓனரிடம் இப்போதைக்கு எதுவும் பேச வேண்டாம், அவர் பயந்துபோய் இரண்டு பேரையும் காலி செய்யச் சொல்வார். ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு கவரில் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

மை_டப்பா:

வக்கீல் சார், சுமி கேட்ட கேள்வி ஒன்று, நீங்கள் எழுதியது பன்னிரண்டாம் வகுப்பு நோட்ஸ். ஆனாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

என் கதை: அடி வாங்கிவிட்டு அம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மா கேட்டது, “உன் நிறத்துக்கு இந்த மாப்பிள்ளையே அமைஞ்சது பெருசு, அனுசரிச்சுப் போகக் கூடாதாடி?” வீங்கின கன்னத்தில் பாண்ட்ஸ் பவுடரைப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கன்னம் கறுப்பாக இருந்ததால் கன்றியது தெரியவில்லையாம். அந்தப் பவுடர் வாசனை வந்தால் இன்றைக்கும் பஸ்ஸில் இடம் மாறி உட்காருவேன்.

மேற்கு_மாம்பலத்தான்:

ஆண் எழுதலாமா தெரியவில்லை, அக்காவுக்காக எழுதுகிறேன்.

அக்கா நியூஜெர்சியில். விசா அத்திம்பேர் வேலையை நம்பி நிற்பது. ஒரு ராத்திரி பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் இங்கிருந்து வீடியோ காலில் இருந்தேன். அக்கா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள், ஆனால் கட் பண்ணவில்லை. இருட்டுத் திரையில் குரல் மட்டும். “தமிழ் சினிமா ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் அதிகம், மன்னிக்கணும்” என்று இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னாள். போலீஸ் போன பிறகு போனை நிமிர்த்தி என்னிடம், “நம்ம ஆளை அவங்க கையில எப்படிடா கொடுக்கறது? துப்பாக்கியைப் பார்த்தேன்” என்றாள். உதடு கிழிந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அக்காவைத்தான் திட்டினேன். அதுதான் உறுத்துகிறது.

அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர் 1991-லேயே எழுதியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் போலீசிடம் ஏரியா வாரியாகக் குடும்ப வன்முறைக் கைது விவரம் கேட்டிருக்கிறார், தர மறுத்துவிட்டார்கள். வெளியே வந்தால் ‘இது அந்த இனத்துக்காரர்களின் பிரச்சினை’ என்று போலீஸ் கைகழுவிவிடும் என்று பெண்கள் பக்கம் பயம், தங்கள் இனத்தையே முரட்டு இனம் என்பார்கள் என்று சிறுபான்மையினர் பக்கம் பயம். கவி சொன்ன மேடையேதான். அதே கட்டுரையில் இன்னொன்று: கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய கணவனிடமிருந்து தப்பி வந்த ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண்ணை, இங்கிலீஷ் போதாது என்று ஒரு காப்பகம் சேர்த்துக்கொள்ளவில்லை. சுமி, உங்கள் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு நீங்கள் இருந்தீர்கள், தப்புத் தப்பான ஹிந்தியோடாவது.

வடசென்னை_கவி:

அண்ணா, அக்காவைத் திட்டினேன் என்று எழுதினீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. எங்கள் தெருவிலும் இதேதான். போலீஸ் உள்ளே வந்தால் புருஷனோடு நிற்காது, தம்பி, மச்சான் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகும் என்று 100-க்குப் போன் பண்ண மாட்டார்கள்.

வக்கீல் சாருக்கு: டாஸ்மாக் எதிரே உட்கார்ந்தவர்களில் எங்க அம்மாவும் உண்டு. அங்கிருந்து வீட்டுக்கு வந்து, குடிக்காத அப்பாவிடம் அடி வாங்கினவரும் அவர்தான்.

நைட்_ட்யூட்டி:

நான் நர்ஸ், அவசர சிகிச்சைப் பிரிவு. எல்லாரும் மொழியிலேயே நிற்கிறீர்கள். சுமி, அவளை டாக்டரிடம் காட்டினீர்களா? கழுத்தை நெரித்தால் வெளியே தடமே இல்லாமலும் இருக்கும். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி, தலைசுற்றல் இருந்ததா என்று கேளுங்கள். கழுத்து ரத்தக்குழாயில் காயம் இருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். ஒரு முறை நெரித்தவன் பின்னால் கொலைவரை போகும் வாய்ப்பும் அதிகம். எங்களிடம் வரும் பெண்கள் “நெரிச்சான்” என்று தமிழிலேயே சொல்ல மாட்டார்கள். “கழுத்துல கை வச்சாரு” என்பார்கள். கை வச்சாரு! நானும் பல வருஷம் அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன்.

பெருங்குடி_சுமி:

இதைப் படித்துவிட்டுக் கை நடுங்கியது. உடனே கீழே போனேன். அவன் இல்லை, பத்து நாளாகத் திருவள்ளூரில் அவன் அம்மா வீட்டில் இருக்கிறான். அவளுடைய குரல் அன்றிலிருந்தே கரகரப்பாகத்தான் இருந்திருக்கிறது. சலூன் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே இஞ்சி தட்டிப்போட்டுக் காபி கொடுத்திருக்கிறேன்.

ஸ்கேன் எடுக்க இன்றைக்கே கிளம்புகிறோம். கூடுதல் வாக்குமூலம் திங்கட்கிழமை. பாட்னாக்காரி லீவு போட்டுவிட்டுக் கூட வருகிறாள். பேசுவது அவள், நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன்.