வெப்சாக்கெட் சுருக்கம்: ஓர் இணைப்புக்கு 256 கேபி தேவையா?

வழித்தடம்: பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் சர்வர் எங்களுடையது. ஒரே நேரத்தில் 10,000 வெப்சாக்கெட் இணைப்புகள் (சர்வரும் பயணியும் திறந்தே வைத்திருக்கும் இருவழி இணைப்பு). ஒவ்வொரு செய்தியையும் சுருக்கி அனுப்பும் பெர்மெசேஜ்-டிஃப்ளேட்டை இயக்கியதும் 4 ஜிபி ரேம் மூச்சுமுட்ட ஆரம்பித்தது. கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது. சுருக்கும் நூலகமான இசட்லிப்பின் இயல்பு அமைப்பில் (பழைய தரவை வைத்திருக்கும் ‘விண்டோ’வின் அளவைச் சொல்லும் விண்டோபிட்ஸ் 15, சுருக்கும் வேலைக்கு எடுக்கும் ரேமைச் சொல்லும் மெம்லெவல் 8) சுருக்குவதற்கு மட்டும் இணைப்புக்கு 128+128, ஆக 256 கேபி. 10,000 பேருக்கு இரண்டரை ஜிபி. விரிக்கும் பக்கத்துக்கு ஆளுக்கு இன்னும் 40 கேபி. விண்டோபிட்ஸை 11, மெம்லெவலை 5 என்று இறக்கினால் 8+16, வெறும் 24 கேபி. இதைத்தான் செய்யப் போகிறேன்.

இரவுப்பணி: எதற்கு இந்தப் பாதிக் கிணறு? ‘சர்வர் நோ கான்டெக்ஸ்ட் டேக்ஓவர்’ போட்டுவிடுங்கள். ஒரு செய்தி முடிந்ததும் பழையதை மறந்துவிடும், திரெட்டுக்கு (சர்வரில் இணையாக ஓடும் ஒவ்வொரு வேலை இழைக்கு) ஒரு சுருக்கி போதும். நான்கு திரெட் என்றால் மொத்தமே 1 எம்பி. இந்தச் சுருக்கத்துக்கான தரநிலை ஆர்எஃப்சி 7692 அதற்கு வழி வைத்திருக்கிறது.

வழித்தடம்: ரேம் மிச்சமாகும், சரி. செய்தி சுருங்குமா? எங்கள் செய்தி ஒன்றைப் பாருங்கள்: வண்டி எண், தடம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், நேரம். ஏறக்குறைய 200 பைட் ஜேசன் (பெயரும் மதிப்பும் ஜோடியாக எழுதும் உரை). ஒவ்வொரு பெயரும் அதில் ஒரே ஒருமுறைதான் வருகிறது. டிஃப்ளேட் என்ற சுருக்கும் முறையின் முக்கிய வேலையே ‘இத்தனை பைட் பின்னால் போய் இவ்வளவு எடுத்துக்கொள்’ என்று சொல்வதுதான். பின்னால் ஒன்றுமே இல்லாதபோது எதைக் காட்டும்? விண்டோபிட்ஸ் 11 தரும் 2 கேபி விண்டோவில் கடைசிப் பத்துச் செய்திகள் அடங்கிவிடும். அடுத்த செய்தியில் மாறுவது இடமும் வேகமும் நேரமும்தான். இதற்கு 32 கேபி விண்டோவும் வேண்டாம், மறதியும் வேண்டாம்.

இரவுப்பணி: அப்போது சின்னச் செய்தியைச் சுருக்காமலே அனுப்புங்கள். நோட் ஜேஎஸ்ஸில் வெப்சாக்கெட்டுக்கான டபிள்யூஎஸ் நூலகம் 1024 பைட்டுக்குக் கீழே தொடுவதில்லையே.

வழித்தடம்: அந்த வரம்பு, பழையதை மறக்கச் சொல்லியிருந்தால் மட்டும்தான். அவர்களுடைய ஆவணத்திலேயே இருக்கிறது. சுருக்காமல் அனுப்பலாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். நிறுத்தத்தில் நின்றுகொண்டு அரைக் கோடு சிக்னலில் பார்க்கிறவரின் டேட்டா அது.

கம்பிவேலி: ஒரு சின்ன விஷயம். பயணிகள் உங்களுக்கு அனுப்புவது ‘இந்தத் தடத்தைக் காட்டு’ என்ற ஒற்றை வரிதானே? அந்தத் திசைக்கு ‘கிளையன்ட் நோ கான்டெக்ஸ்ட் டேக்ஓவர்’ கேளுங்கள். விரிக்கும் பக்கத்து 40 கேபியை இணைப்புதோறும் பிடித்து வைக்க வேண்டியதில்லை.

வழித்தடம்: நன்றி அண்ணே, அது எனக்குத் தோன்றவேயில்லை.

இரவுப்பணி: நான் இன்னும் முடிக்கவில்லை. ‘மழையால் தடம் மாற்றம்’ என்று எல்லோருக்கும் ஒரே அறிவிப்பு அனுப்புவீர்கள் அல்லவா? என் முறையில் ஒருமுறை சுருக்கி அதே பைட்டுகளை 10,000 பேருக்கும் தள்ளலாம். உங்கள் முறையில் ஒவ்வொருவரின் பழைய செய்தியும் வேறு, ஆகவே 10,000 முறை சுருக்க வேண்டும். சிபியு திணறும்.

வழித்தடம்: இது நியாயமான கேள்வி. எல்லோருக்கும் ஒரே செய்தி போகிற சர்வராக இருந்தால் உங்கள் முறையைத்தான் எடுப்பேன். இங்கே ஒவ்வொருவரும் பார்ப்பது அவரவர் வண்டியை. அறிவிப்பு எப்போதாவது வருவது. சுருக்கியதா இல்லையா என்பதை ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் ஆர்எஸ்வி1 என்ற ஒரு பிட்தான் சொல்கிறது. அறிவிப்பை மட்டும் சுருக்காமல் அனுப்பிவிடலாம், விண்டோவில் இருக்கும் பழைய செய்திகள் அப்படியே இருக்கும்.