ஸ்விஃப்ட்டுக்கு ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு): சேலம் பக்கம் யார் செய்வார்கள்?

மக்களே, பழைய 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட்டை ராலிக்கும் ஹில்கிளைம்புக்கும் (மலைச்சாலைப் பந்தயம்) தயார் செய்கிறோம். என்ஜினில் கை வைக்கவில்லை, முதலில் வண்டி நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரிலேயே இறங்கியும், அடிவாரம் வரும்போது முன்சக்கரத்தில் தீய்ந்த வாடை, பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறினால் 155தான். அதனால் ஆயில் மாற்றப் போகிறோம். பிரேக் பேடும் மாற்றணுமா, இல்லை டிஸ்க்குக்குக் காற்றுக்குழாய் இழுக்கணுமா?

பெரிய தலைவலி ரோல் கேஜ். எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி மெயின் ஹூப்புக்கு (முன் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவு) 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனத்தில் தையலில்லாத கார்பன் ஸ்டீல் குழாய் வேண்டும். ஊரிலேயே ஸ்டீல் பிளான்ட் இருக்கிறது, அது எவர்சில்வர், நமக்கு உதவாது. கிரில் கேட் பட்டறையில் வளைத்தால் வளைவில் குழாய் நசுங்கிவிடுகிறது. நசுங்காமல் வளைத்து, டிக் (TIG) வெல்டிங்கும் சுத்தமாகச் செய்பவர் சேலம், ஈரோடு, கோவையில் தெரிந்தால் சொல்லுங்கள்.